மூன்று கோடு போட்ட பன்

அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். திருத்தணிக்குப் போய் அண்ணன் பேரில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் முருகன் படத்தை அவள் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. உண்மையில் நான் அர்ச்சனைக்குப் போகவில்லை. ஒரு பன் வாங்கப் போனேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தங்கவயலில் சுரங்கத்துக்கு மரம் அறுக்கும் பட்டறையில் வேலை. எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எனக்கும் என் அண்ணன் ஏழுமலைக்கும் பிறந்ததிலிருந்தே முட்டை ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. வாயில் பட்டால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும், கொஞ்சம் அதிகம் போனால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வைத்தியர் ஒருத்தராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். புதிதாக எந்தப் பண்டம் வந்தாலும் ஒரு துணுக்கைக் கீழுதட்டுக்கு உள்ளே வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார வேண்டும். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவாள். வந்து உதட்டைப் பார்ப்பாள். வீங்கவில்லை என்றால், "தின்னுங்கடா" என்பாள். குழாயடியில் அவள் யாருடனாவது சண்டைக்கு நின்றுவிட்டால் எங்கள் கையில் பன் காய்ந்துபோகும். "யம்மா, சண்டைய நாளைக்குப் போடும்மா, பசிக்குது" என்று அண்ணன் வாசலிலிருந்து கத்துவான்.

தங்கவயலில் துரைமார்கள் இருப்பதால் ரொட்டிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்கு எல்லாக் கடையும் மனப்பாடம். ரொட்டி தின்னலாம், பன் தின்னலாம், வர்க்கி தின்னலாம். கேக் பக்கமே போகக்கூடாது. பிஸ்கட்டில் கடைக்குக் கடை வித்தியாசம். கிறிஸ்துமஸ் வந்தால் அண்ணன் கேக் சுடும் கடை வாசலில் நின்று மூச்சை இழுப்பான். "மூக்குக்கு ஒத்துக்குதுடா தம்பி, வாய்க்குத்தான் ஆகல" என்பான். எங்கள் ஊர்ப் பன்னுக்கு மேலே சர்க்கரைப் பாகு தடவுவார்கள். தின்றால் விரலில் ஒட்டும். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன ஆடிக் கிருத்திகைக்கு அண்ணன் திருத்தணியில் காவடி எடுத்தான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு, பிழைத்தால் காவடி எடுக்க வைக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாளாம். வருஷம் தள்ளித் தள்ளிப் போய் அவனுக்கு இருபத்தி நாலு வயதில்தான் கைகூடியது. அம்மாவுக்குக் காலில் வீக்கம், வர முடியவில்லை. நான் துணைக்குப் போனேன். காவடி செலுத்திவிட்டு இறங்கி வந்து அடிவாரத்தில் லட்சுமம்மா என்பவருடைய டீக்கடையில் பன் கேட்டோம். முட்டை இருக்கிறதா என்று கேட்டேன். "முருகன் மலை அடியில முட்டையா? வாயக் கழுவு நைனா" என்றார். உதட்டில் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆளுக்கு இரண்டு தின்றோம். நல்ல பன்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது அதே கடையில் நாலு பன் வாங்கி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவக் குளத்துக்குப் போனேன். நேற்றுத் தின்ற பன்தானே என்று அவன் உதட்டில் வைத்துப் பார்க்கவில்லை. வைத்துப் பார் என்று நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது கடைப்பக்கம் பெரிய கூட்டம். "அரோகரா, அரோகரா" என்று சத்தம். யாருக்கோ சாமி வந்திருக்கிறது என்று நினைத்து நானும் தூரத்திலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இதை ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்தை விலக்கிப் பார்த்தால் நடுவில் என் அண்ணன். முகம் வீங்கிக் கண் மூடிப்போய், கழுத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினான். ஒருவர் அவன் நெற்றியில் விபூதி பூசினார். ஒருவர் கற்பூரம் ஏற்றிக் காட்டினார். ஒரு அம்மாள் அவன் வாயருகில் காதை வைத்து, "எம் பொண்ணுக்கு எப்ப சாமி கல்யாணம் ஆவும்? வாக்கு குடு சாமி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவனைத் தூக்கி மடியில் போட்டபோது மூச்சு நின்றிருந்தது. தினமும் சுரங்க வேலைக்குப் பாதாளத்துக்குள் இறங்கிவிட்டு உயிரோடு மேலே வந்தவன், வெயிலில், மலையடிவாரத்தில் போய்விட்டான்.

அவனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் தனியாக ஊர் திரும்பினேன். முருகனே ஆட்கொண்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவுக்கு அது வேறு மாதிரி கேட்டது. வேண்டுதலை இத்தனை வருஷம் தள்ளிப்போட்டதால் சாமி பிள்ளையையே எடுத்துக்கொண்டது, நான்தான் கொன்றேன் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு குழாயடிக்குக்கூடப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் எங்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

நான் அவன் உதட்டைப் பார்த்தவன். அது முட்டைதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் முதல் நாள் அதே பன் ஒன்றும் செய்யவில்லையே? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முட்டைதான் என்று தெரிந்துவிட்டால் அம்மா மேல் குற்றமில்லை. வாங்கிக் கொடுத்த என் மேல்தான். இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் மார்கழியில் ரயில் ஏறினேன்.

ஜப்பான்காரனோடு சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். ரயிலுக்கு அது தெரியவில்லை. ஊர் திரும்பும் பட்டாளத்துக்காரர்கள் மூட்டையோடு கதவு வரைக்கும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். என் காலை மிதித்தபடியே வந்த ஒரு சிப்பாய், பாவம் பார்த்து ஒரு தகர டப்பாவிலிருந்து நாலு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

"இதுல முட்டை இருக்குதாங்க?" என்று கேட்டேன்.

"இது கல்லுப்பா. கல்லுல எங்கேந்து முட்டை வரும்? பர்மாவுல இதத் தின்னுதான் எனக்கு ரெண்டு பல்லு போச்சு" என்று சிரித்துக் காட்டினார். இரண்டு பல் இல்லைதான்.

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஐந்து மாதமாக ரொட்டி, பன், பிஸ்கட் எதையும் நான் வாயில் வைக்கவில்லை. கை வாங்கும், வாய் திறக்காது.

அரக்கோணத்தில் திருத்தணி ரயில் போய்விட்டிருந்தது. பஸ்ஸில் போனேன். பெட்ரோல் இன்னும் கிடைக்கவில்லை, எல்லாம் கரி பஸ்தான். பின்னால் ஒரு பெரிய பீப்பாய், அதில் அடுப்புக்கரி எரிகிறது, அந்தப் புகையில் வண்டி ஓடுகிறது. பாதி வழியில் ஒரு சின்ன மேட்டில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. ஆண்பிள்ளைகள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் பக்கத்தில் தள்ளிய கிழவரும், ஜன்னலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். தங்கவயலில் பாதிப் பேர் தெலுங்கு, எனக்குப் புரியும்.

"நான் மொட்டை போடுவதாகத்தான் வேண்டிக்கொண்டேன். பஸ் தள்ளுவதாக வேண்டிக்கொள்ளவில்லை" என்றார் அவர்.

"வேண்டிக்கொண்டு மறந்துபோனது எத்தனையோ இருக்கிறது. அதற்கெல்லாம் சேர்த்துத் தள்ளு" என்றாள் அந்தம்மா.

ஐந்து மாதத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் வெட்கமாகவும் இருந்தது.

திருத்தணி போய்ச் சேர்ந்தபோது பகல் சாய ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊரில் நேரம் என்றால் சுரங்கத்துச் சங்கு. இங்கே மேலேயிருந்து மணி. எங்கள் ஊரில் மண்ணைக் குடைந்து குவித்த சாம்பல் நிற மேடுதான் மலை. இங்கே நிஜ மலை. சத்திரத்தில் துணி மூட்டையை வைத்தேன். அரிசி கிடைக்காத காலம், களியும் கீரையும் போட்டார்கள். நன்றாகவே இருந்தது. பிறகு நேராக அடிவாரத்துக்கு நடந்தேன். நின்றால் திரும்பிவிடுவேன் என்று நிற்காமல் நடந்தேன்.

லட்சுமம்மா கடையில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், நெற்றி நிறைய விபூதி, தெருக்கோடி வரை கேட்கும் குரல். என்னை அடையாளம் தெரியவில்லை.

"யம்மா, பன்னு இருக்குதா?"

"ஆங், இருக்குது. காலைல ரயில்ல வந்தது. அரக்கோணத்து பன்னு, பஞ்சு மாதிரி."

"முட்டை போட்டதா?"

கெட்டிலைக் கீழே வைத்தார். "இன்னா கேட்ட நீ? எந்த ஊர்ல நின்னுகினு இன்னா கேள்வி கேக்கற? சுத்த சைவம். போதுமா?"

வாங்கினேன். பன்னின் மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பிலேயே ஒரு துணுக்குப் பிய்த்து உதட்டுக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தம்மா ஒரு குடத்தை இடுப்பில் எடுத்தார்.

"கடையக் கொஞ்சம் பாத்துக்கோ நைனா. கெணத்துல ஒரு கொடம் மொண்டுகினு வந்துடறேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அவர் அந்தப் பக்கம் திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே உதடு அரிக்க ஆரம்பித்தது. பிறகு எரிந்தது. துப்பிவிட்டு வாயை மூன்று தரம் கொப்பளித்தேன். பயம் வரவில்லை. இருக்கிறது, இருக்கிறது என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. அவர் குடத்தோடு வந்து என்னைப் பார்த்தார்.

"அய்யய்ய, ஒதடு இன்னா இப்டி வீங்கிக் கெடக்குது? கொளவி கொட்டிச்சா?"

"பன்னுமா."

"பன்னு கொட்டுமா?"

"போன ஆடில இங்க ஒருத்தர் விழுந்து செத்தாரே, காவடி எடுத்தவரு. அவரு எங்க அண்ணன். இந்த பன்னுதான் தின்னாரு. எங்க ரெண்டு பேருக்கும் முட்டை ஆவாது."

குடம் இடுப்பிலேயே இருந்தது. "சாமி வந்து போன புள்ளையா? அது ஒன் அண்ணனா?"

"சாமி வரலமா. மூச்சு வரல."

குடத்தை இறக்கி வைத்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நானு மாசா மாசம் கிருத்திகை வெரதம் இருக்கறவ. எங் கடையில முட்டைன்னு சொல்றியே, ஒன் நாக்கு அழுவிப் போவாதா? செத்துப்போன புள்ள பேரச் சொல்லி எம் பொழப்புல மண்ணப் போட வந்தியா? நாளைக்குக் கிருத்திகை. நாளைக்கும் இதே பன்னு வரும். நாலு பேரு முன்னால வெச்சிப் பாரு. ஒன் வாய் வீங்குதா, எம் மானம் போவுதா, பாத்துடலாம்."

"வரேம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் மலையேறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படி. போன தடவை இதே படியில் அண்ணன் காவடியோடு ஆடிக்கொண்டு ஏறினான், நான் பின்னால் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இந்தத் தடவை ஒவ்வொரு படியும் தெரிந்தது. சன்னிதியில் நான் எதுவும் கேட்டுக் கும்பிடவில்லை, சண்டை போடவும் இல்லை. "நீயா, முட்டையா, சொல்லிடு" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கினேன்.

கடை முன்னால் லட்சுமம்மா சொன்ன மாதிரியே நாலு பேரைச் சேர்த்து வைத்திருந்தார். நாலு அல்ல, பத்துப் பேர். பஸ் தள்ளிய தெலுங்குக் கிழவரும் மொட்டைத் தலையோடு மனைவியோடு நின்றார். லட்சுமம்மா காலை ரயிலில் வந்த கூடையை எல்லோருக்கும் முன்னால் பிரித்து ஒரு பன்னை என் கையில் கொடுத்தார்.

"எம்மா நேரம் வெச்சிகினு இருக்கணும்?"

"எங்கம்மா ஒரு கொடம் தண்ணி கொண்டார நேரம்."

குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். நான் துணுக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்துப் பேரும் என் வாயையே பார்த்தார்கள். ஒருவர் குனிந்து பார்த்தார். "வீங்கற மாதிரி இருக்குதே" என்றார் ஒருவர். "அது அவனுக்குப் பொறவி ஒதடுய்யா" என்றார் இன்னொருவர்.

வீங்கவில்லை. அரிக்கவும் இல்லை. போன ஆடியில் முதல் நாள் நடந்த மாதிரியேதான். குடம் திரும்பி வந்தது. கூட்டம் சிரித்தது. "உதடு சாமிக்குப் பயந்துவிட்டது" என்றார் கிழவர் தெலுங்கில். "தங்கவயலுக்காரன், தங்கம் தின்னே பழக்கம், பன்னு ஒத்துக்கல" என்றார் ஒருவர். எனக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனால் அம்மா அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

ஜெயித்த லட்சுமம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்திக்கு வீங்கினத என் கண்ணால பாத்தேனே நைனா. பொய்யா வீங்க முடியாதே" என்றார். எழுந்துபோய் நேற்று மீந்த பன் ஒன்றை எடுத்துவந்து இன்றைய பன் பக்கத்தில் வைத்தார். நேற்றையது பளபள என்று இருந்தது. இன்றையது மங்கல்.

"கிருத்திகை பன்னு எப்பவும் இப்டித்தான் மங்கலா வரும். ரொட்டி சுடற மேஸ்திரியும் வெரதக்காரரு, அவசரமா சுட்டு அனுப்பிடறாருன்னு நெனச்சிகினு இருந்தேன்." இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு அரக்கோணம் போறோம். நானும் வரேன். கடைய ஒரு நாளு மூடினா முருகன் கோச்சிக்க மாட்டாரு."

மூன்றாம் நாள் மறுபடியும் கரி பஸ். மறுபடியும் நின்றது. இந்தத் தடவை மேடுகூட இல்லை, சமதரை. பீப்பாயில் கரி கிளறும்வரை சாலையோரம் உட்கார்ந்தோம். லட்சுமம்மாவுக்குப் பசி. பையிலிருந்து சிப்பாய் கொடுத்த பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். கடித்துப் பார்த்தார். திருப்பி வைத்துக் கடித்துப் பார்த்தார்.

"இத வெச்சித்தான் சண்டைல ஜெயிச்சாங்களா? கைல எடுத்து அடிச்சிருப்பாங்க" என்றார்.

அரக்கோணத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்தது அந்த ரொட்டிக் கடை. பேர்ப்பலகை இல்லை, வாசனைதான் வழிகாட்டியது. மேஸ்திரி கன்னியப்பன், ஒல்லியான ஆள், கழுத்தில் உருத்திராட்சம், கை முழங்கை வரை மாவு. நாங்கள் உள்ளே நுழைந்தபோது அடுப்பில் வைக்கப்போகும் பன் தட்டுகள் வரிசையாக இருந்தன. அவர் ஒரு கிண்ணத்தில் கோழி இறகை முக்கி ஒவ்வொரு பன்னின் தலையிலும் தடவிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் இருந்தது மஞ்சளாக, கொழகொழவென்று இருந்தது. எதுவும் கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

லட்சுமம்மாதான் கேட்டார். "மேஸ்திரி, அது இன்னா?"

"வாங்க லட்சுமம்மா, இன்னா இந்த நேரத்துல? இதுவா, முட்டை."

"முட்டையா! பன்னுல முட்டை இல்லன்னு எத்தினி வாட்டி சத்தியம் பண்ணின?"

"இல்லதான். மாவுல முட்டை போட்டா நான் முருகன் புள்ளையே இல்ல. இது மேல பூசறது, மினுக்குக்கு. பூசறது போடறதா? வூட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சா சுண்ணாம்பால கட்டின வூடுன்னு சொல்லுவியா? ரேஷன் மாவு, கருப்பா வருது. மினுக்கு இல்லன்னா ஒருத்தன் தொட மாட்டான்."

"கிருத்திகைக்கு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "கிருத்திகை அன்னிக்கு நானு முட்டையத் தொட மாட்டேன் தம்பி. அன்னிக்குப் பாலு பூசிடுவேன். மறுநாள்லேந்து வழக்கம்போல."

லட்சுமம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "சாயங்காலம் மீந்து போன பன்னத் தின்னுட்டுத்தானய்யா தெனமும் மலைக்குப் போவேன். தெனமும் முட்டையத் தின்னுட்டா அவரு எதுர்ல போய் நின்னேன்?"

மேஸ்திரி சமாதானம் சொல்ல வாயைத் திறந்தார். நான் அண்ணன் கதையைச் சொன்னேன். உதட்டில் வைத்துப் பார்த்தது, மறுநாள் வைக்காதது, விபூதி பூசியது, அந்த அம்மாள் வாக்குக் கேட்டது, எல்லாம். நான் கும்பிட்டதையும் சொன்னேன். அந்த இரண்டு பேரிடம்தான் முதலில் சொன்னேன். சொல்லும்போது குரல் உடையவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

மேஸ்திரி மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "ஆடிக் கிருத்திகைக்கு மறுநாளா?" என்றார்.

"ஆங்."

"கூட்டம் இருக்குமேன்னு அன்னிக்கு ரெண்டு கை பூசினேன் தம்பி. நல்லா மினுக்கணும்னு."

அடுப்பு மட்டும் இரைந்துகொண்டிருந்தது. எனக்கு அவரை அடிக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் பூசினார், லட்சுமம்மா விற்றார், நான் வாங்கினேன். வரிசையில் கடைசிக் கை என்னுடையது.

"இனிமே திருத்தணிக்குப் பன்னே அனுப்பலம்மா" என்றார் அவர் லட்சுமம்மாவிடம்.

"அனுப்பணும்" என்றேன் நான். "எங்கள மாதிரி ஆளுங்களும் பன்னு தின்னணுங்க. மலைக்குப் போற கூடைக்குத் தெனமும் பாலு பூசுங்க. முட்டை பூசினது வேற, இது வேறன்னு பாத்தா தெரியணும். அதச் செஞ்சி காட்டாம நானு இங்கேந்து நவுர மாட்டேன்."

"மினுக்கு வராதே, எப்டிப் போவும்?" என்று அவர் லட்சுமம்மாவைப் பார்த்தார்.

"மினுக்கு எனக்கு வேணாம்யா. நானே மினுக்கா இருக்கேன்" என்றார் லட்சுமம்மா, அழுத கண்ணோடு.

மேஸ்திரி எழுந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். புதுத் தட்டு, புது மாவு எடுத்தார். உருட்டி வைத்து, அது உப்பும்வரை நாங்கள் வாசலில் காத்திருந்தோம். கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவிப் பால் ஊற்றினார். இறகை அடுப்பில் போட்டுவிட்டுச் சுத்தமான துணியால் தொட்டுத் தடவினார். பிறகு ஒரு பிளேடால் ஒவ்வொரு பன்னின் தலையிலும் குறுக்காக மூன்று கோடு கீறினார். வெந்து வெளியே வந்தபோது அந்தக் கோடுகள் விரிந்து வெளுப்பாக, நெற்றியில் விபூதிப் பட்டை போட்ட மாதிரி இருந்தன.

"மூணு கோடு இருந்தா பாலு. கோடு இல்லன்னா முட்டை" என்றார். "யாரு கேட்டாலும் இப்டியே சொல்லுங்க லட்சுமம்மா. சைவம், அசைவம்னு சொல்லாதீங்க. முட்டை இருக்குது, இல்லன்னு சொல்லுங்க."

அங்கே நான் தின்னவில்லை. நாலு பன் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டேன். ரயிலடி வரைக்கும் லட்சுமம்மா வந்தார். "ஆத்தா கிட்ட எம் பேரச் சொல்லு. நான்தான் வித்தேன்னு சொல்லு" என்றார். ரயில் நகர்ந்தபோது கையெடுத்துக் கும்பிட்டார். என் வயசுப் பையனைப் பார்த்து அப்படிக் கும்பிடக் கூடாது, வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். அவர் கையை இறக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா எப்போதும் போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. பன் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்துப் பிரித்தேன்.

"சாமி இல்லம்மா. நீயும் இல்ல. பன்னு மேல முட்டை பூசியிருந்தாங்க. நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஒதட்டுல வெச்சிப் பாருன்னு நான் சொல்லல."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கிருத்திகைக்குப் பால், மறுநாள் முட்டை, மூன்று கோடு. அம்மா ஒரு பன்னை எடுத்து அந்தக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் பன்னின் மேல்பக்கத்திலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி, என் மோவாயைப் பிடித்து, கீழுதட்டுக்குள் வைத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, மூலையில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உதட்டில் பால் வாசனை. வெகு நேரம் ஆனது. அப்புறம் குழாயடியிலிருந்து சத்தம் வந்தது. "ஏண்டி, நானு கொடம் வெச்சது ஒன் கண்ணுக்குத் தெரியலியா? அஞ்சு மாசம் வரலன்னா கொழா ஒனக்கே சொந்தமா?" ஊரே கேட்கும்படி அம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

வந்தாள். குடத்தை இறக்கினாள். ஈரக்கையால் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, உதட்டைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்து முடித்த பிறகும் பார்த்தாள்.

"தின்னுடா" என்றாள்.